மூன்று வருஷம் கழித்து உன் கார்டுக்குப் பதில்

என் தங்கச்சியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன மாப்பிள்ளை தேவசகாயத்துக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பித்தேன். ராஜாமணி எட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவருகிட்ட இன்னாத்த நலம் விசாரிக்கிற? அடிச்சுட்டு வேற எழுது" என்றாள். அடித்துவிட்டேன். உனக்குத் தெரியாததா? ஐம்பது வருஷமாக இந்த வீட்டுக்கு என் பெண்டாட்டிதான் ஹெட்மாஸ்டர்.

நாளைக்கு உனக்கு முப்பதாம் நாள். நினைவு நோட்டீஸ் அடிக்கப் பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னால் குந்திகினு இருந்தார்.

"பெரியவரே, கவித ரெடியா கீது. மலரு, வெளக்கு, தெய்வம், மூணு மாடலு. பேரு மட்டும் சொல்லுங்க, ஜல்தியா போட்டுக் குடுத்துடறேன்."

"மலருன்னு போட்டா அவன் எந்திரிச்சு வந்து என்ன ஒதைப்பான்பா. நானே எழுதிக் குடுக்கறேன்."

"நீங்களா? எத்தினி கிளாஸ் படிச்சீங்க?"

"அஞ்சு. அதுலயும் பாதி, பக்கத்துல குந்தியிருந்த இவனப் பாத்து எழுதினது."

எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. எங்கள் தெருவும் படிக்கும், உங்கள் சர்ச்சும் படிக்கும். நன்றாகப் படிக்கட்டும்.

புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தத் தேவசகாயம் ஆரணியில் முப்பது வருஷம் தபால்காரன். வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். நான் பட்டுத்தறிக்காரன். என் தங்கச்சி சுலோச்சனாவை இவன் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டான். அவள் கடைசிவரை அவள் சாமியை விடவில்லை, இவன் இவன் சாமியை விடவில்லை. வெள்ளிக்கிழமை அவளை சைக்கிளில் வைத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவான். அவள் உள்ளே போய் வரும்வரை வெளியே செருப்புக்குக் காவல். "மாப்ள, ஊரு கடுதாசியெல்லாம் காவந்து பண்ணவன், இப்ப செருப்பக் காவந்து பண்றியே" என்று நான் கேட்பேன். "இதுதான் மச்சான் ரிஜிஸ்டர் தபாலு. ஆளு வந்து கையெழுத்துப் போடாம விடமாட்டேன்" என்பான்.

பிள்ளை இல்லை உங்களுக்கு. அதற்கு யார் சாமி பொறுப்பு என்று மட்டும் நீங்கள் இருவரும் சண்டை போட்டதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுலோ போன அன்றைக்கு ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பன்னிரண்டு வருஷம். இப்போது பேசுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்கிற தைரியம்தான்.

நீ தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாய். சுலோ விறகு மேல் கிடந்தாள். எங்கள் தெருப் பெரியதனக்காரர் வரதப்பன் என் காதருகே வந்தார். எனக்குப் பாவும் ஊடையும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளியும் அவர்தான்.

"ஏம்பா கோபாலு, அவரு வேதக்காரரு. அவரு கொள்ளி வச்சா இது நம்ம சுடுகாடா இருக்குமா? நீ வையி. முடியாதுன்னா பொணத்த வேற எங்கனா தூக்கிகினு போ."

பின்னால் தெருவே நின்றது. எனக்கு எதிரில் வரதப்பன், அவருக்குப் பின்னால் என் தறி. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்கு நூறு பதில் வருகிறது. அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. உன் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"மாப்ள, நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

நீ ஏன் என்று கேட்கவில்லை. குடத்தை என் தோளுக்கு மாற்றிவிட்டு, பாலத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த சைக்கிள் பக்கம் போய் நின்றாய். கொள்ளியை நான் வைத்தேன். அண்ணன்காரன், எனக்கு உரிமை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரைக் கிண்டல் பண்ணியே வாய் வளர்த்தவன் நான். அந்த வாய் வேண்டிய நேரத்தில் எங்கே போனது, மாப்ள?

மறுநாள் பால் தெளிக்கப் போனோம். சாம்பலில் ஒரு பக்கம் மட்டும் யாரோ கையால் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. மணலில் சைக்கிள் டயர் தடம். "நாயி கீயி வந்துச்சா இன்னா?" என்று வரதப்பன் கேட்டார். "ஆமாங்க, நாயிதான்" என்றேன். உன்னை நாய் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். அன்றைக்கு நான் உனக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

ஒரு வாரம் கழித்து, எப்போதும் போல காலையில் டீ குடிக்க வந்தாய். "சக்கரை கம்மி" என்றாய். நீ அன்றைக்கு என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் என்ன? நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் என்ன? டீயில் சக்கரை கம்மி என்று சொன்னாய். அது எனக்கு எத்தனை வருஷம் குத்தியது தெரியுமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் கார்டு வந்தது. நீதான் ரிட்டயர் ஆகிவிட்டாயே, புதிதாக வந்த தபால்காரப் பெண்தான் கொண்டுவந்தாள். கார்டு என்றால் எல்லாருக்கும் திறந்த வாசல்தானே, அவளும் படித்திருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தாத்தா, இது சாவப் பத்தின விஷயம். உக்காந்து படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ எழுதியது இதுதான், அப்படியே போடுகிறேன்:

"மச்சானுக்கு. நான் செத்தால் புதைக்க வேண்டாம். எரித்துவிடு. சுலோ போன வழியில் நானும் போகிறேன். கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின் இருக்கிறது. அதையும் என்னோடு வை. இப்படிக்கு, கொஞ்சம் தள்ளி நிற்கும் உன் மாப்பிள்ளை."

தினமும் காலையில் என் எதிரில் குந்தி டீ குடிக்கிறவன் எதற்கு ஐம்பது காசுக் கார்டில் இதை எழுத வேண்டும்? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்துகொண்டேன் என்பதுதான் நிஜம். கார்டைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டேன். மறுநாள் நீ வந்தாய்.

"கார்டு வந்துச்சா?"

"வந்துச்சு."

"ம்."

"டீ ஆறுது, குடி."

அவ்வளவுதான் பேச்சு. நீ பதில் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பதில் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு ஒரு பதில் வரவில்லை.

இப்போது போன மாசக் கதைக்கு வருகிறேன். நீ அன்றைக்குக் காலையில் டீக்கு வரவில்லை. எட்டரை ஆனது. ராஜாமணி, "போய்ப் பாரு" என்றாள். போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாய், மடியில் பேப்பர். "மாப்ள, பேப்பர படிக்கிறியா, இல்ல பேப்பரு உன்னப் படிக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தேன். தோளைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நீ சிரிக்காத முதல் தடவை அது.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். உடம்பு விறைப்பதற்குள் கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்ட வேண்டும், கைக் கட்டைவிரலையும். என் மடியில்தான் எப்போதும் கொஞ்சம் பட்டு நூல் இருக்குமே. அதை எடுத்து நானே கட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேலை இருக்கிறது.

மத்தியானத்துக்குள் உன் அண்ணன் மகன் எபினேசர் முள்ளிப்பட்டிலிருந்து, தறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டான். சர்ச் கமிட்டியில் நாலு பேரும், பாஸ்டரும் வந்தார்கள். எபினேசர் கண் சிவந்து இருந்தது. உன்மேல் பாசமாகத்தான் இருந்தான் அவன், அதை மறைக்க மாட்டேன். கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணனுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

நான் கையில் கோடி வேட்டியோடு நின்றேன். செத்தவனுக்கு மச்சான்காரன் கோடி போடுவது எங்கள் வழக்கம். போர்த்திவிட்டுச் சொன்னேன், "குழிய மூடிடச் சொல்லு எபினேசரு. உங்க சித்தப்பா நெருப்புலதான் போறாரு."

"இன்னாங்க பேசறீங்க? எங்க சித்தப்பாவ நெருப்புல போட நீங்க யாரு?"

"கோடி போட்டவன்."

"கோடி போட்டா? ரத்த சொந்தம் நான் இருக்கறேன். சுலோச்சனா சித்தி உயிரோட இருந்து சொன்னாக்கூட ஒரு நாயம் இருக்கு. நீங்க இன்னா மொறையில பேசறீங்க?"

கமிட்டிக்காரர் ஒருத்தர் குரலை உயர்த்தினார். அன்றைக்கு ஆற்றங்கரையில் என் காதருகே வந்த அதே பேச்சு, இப்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. நான் மறுபடியும் வாயை மூடிக்கொள்வேனோ என்று எனக்கே பயம் வந்தது, மாப்ள. உண்மையைச் சொல்கிறேன்.

அப்போது பின்னால் ராஜாமணி குரல். "போன தடவ வாய மூடிகினு இருந்த. இப்பவும் அதே வேலையத்தான் செய்யப் போறியா?" கையில் உன் கார்டு. காலண்டருக்குப் பின்னால் இருந்து உருவி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு மூன்று வருஷமாகத் தெரியுமாம்!

எபினேசர் வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"சித்தப்பா கையெழுத்துதான். ஆனா அவரு தமாசு பண்ற ஆளு. இது தமாசுக்கு எழுதினது."

"தமாசுதான். பேரு போட்டு, முத்திரை குத்தி, தபால்ல வந்த தமாசு. அவன் டிப்பார்ட்மெண்டுல அதுக்கு மேல சாட்சி இல்ல."

"வேணாங்க. உயிர்த்தெழுற நாள்ல அவரு எழுந்து வர உடம்பு வேணாமா?"

இதைக் கேட்கும்போது அவன் குரல் உடைந்தது. கேலி பண்ணக் கூடாத இடம் என்று எனக்கும் தெரிந்தது. ஆனாலும் என் நாக்கு என் பேச்சைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

"எபினேசரு, குழியில வச்சா உடம்பு அப்பிடியேவா இருக்கப் போவுது? மண்ண எழுப்பத் தெரிஞ்சவருக்கு சாம்பல எழுப்பத் தெரியாதா? உங்க சாமிய நீயே கொறச்சு மதிக்கிறியே!"

பாஸ்டர் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் அது, நான் கவனித்தேன். "வேதத்துல எரிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல எபினேசர்" என்றார் மெல்ல. "எனக்குத் தடை இல்ல. குடும்பம்தான் முடிவு பண்ணணும்." அங்கேயே நின்று ஜெபம் பண்ணினார். முடிந்ததும் எபினேசர் வெளியே போய் பைக்கில் உட்கார்ந்துகொண்டான். ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

நான் அமரர் ஊர்திக்குப் போன் பண்ணச் சொன்னேன். ஆற்றங்கரை வேண்டாம். அங்கே யாரிடமும் போய்க் கெஞ்ச எனக்கு இஷ்டம் இல்லை. நகராட்சி எரிவாயு மேடைக்கு எடுத்துப்போவது என்று முடிவு பண்ணினேன். அங்கே நுழைய ஆதார் கார்டு போதும், ஆயுசு முழுக்க என்னவாக இருந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வண்டி கிளம்புவதற்குள் ஒரு ஆளை அனுப்பிவிட்டார் வரதப்பன். "நம்ம தெரு வழியா எடுத்துகினு வர வேணாம்னு பெரியவரு சொன்னாரு. பின்பக்கமா போயிடுங்கோ. எதுக்கு பேஜாரு."

பின்பக்கமாகவா? முப்பது வருஷம் முன்வாசலில் வந்து நின்றவன் நீ. கருப்பட்டி நிறத்துக்கு வெயிலில் காய்ந்து, பண்டிகை நாளில்கூட வாசல் வாசலாக நின்றவன்.

உன் சைக்கிள் மணியைக் கழற்றினேன். வண்டியில் முன்னால், டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "நேரா எங்க தெருவுக்கு ஓட்டுப்பா, மெதுவா" என்றேன். தெருமுனை திரும்பியதும் மணியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நீ அடிக்கிற மாதிரியே, இரண்டு குட்டை, ஒரு நீளம், அடித்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு உன் குரலில் கத்தினேன்: "தபாலே!"

மாப்ள, நீ பார்த்திருக்க வேண்டும்! தறி ஓசை ஒவ்வொரு வீடாக நின்றது. நீ ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆனால் என்ன, அந்த மணி காதில் விழுந்தால் இந்தத் தெருவுக்குக் கால் தானாக வாசலுக்கு வருகிறது. மாவுக் கையோடு ஒருத்தி, கழுத்தில் நூல் தொங்க ஒருத்தன், பல்செட் போடாமல் ஒருத்தர். எல்லாரும் வந்து கையை நீட்டிக்கொண்டே நின்றார்கள். அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார்கள்.

வரதப்பன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவரும் வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பழக்கத்தில், "எனுக்கா தபாலு?" என்றார்.

"உங்களுக்குத்தாங்க. கடைசி தபாலு. கையெழுத்துப் போட வேணாம். எழுந்து நின்னு அனுப்பினா போதும்."

அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். என்ன செய்வார் பாவம்! தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவரைப் பார்த்துத் தெருவே கட்டியது. எனக்குப் பாவு கொடுப்பதை அவர் மறுநாளே நிறுத்தினால்கூட, அந்தத் துண்டு இறங்கியதை நான் பார்த்தாகிவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். போன வாரம்கூட பாவு அனுப்பினார், ஒரு வார்த்தை பேசாமல்.

எரிவாயு மேடைக்கு ராஜாமணியும் வந்தாள். பொம்பளை வரக் கூடாது என்று யாரோ இழுத்தார்கள். "அன்னிக்கு ஆத்தங்கரைக்கு நான் வந்திருந்தேன்னா இந்த மனுசன வாயத் தொறக்க வச்சிருப்பேன். வூட்ல குந்தவச்சிட்டீங்க. இன்னிக்கு குந்த மாட்டேன்" என்று வண்டியில் ஏறிவிட்டாள்.

மேடையில் ஒருத்தர் நோட்டில் எழுதினார். பெயர், வயசு, அப்பா பெயர். "நீங்க இன்னா ஒறவு?"

"மச்சான்."

"இவரு கிறிஸ்டியன்னு போட்டிருக்கு. நீங்க..."

"நானு மச்சான்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் எழுதினார். எத்தனை சுலபமாக எழுதிவிட்டார் தெரியுமா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் நாக்கில் வராத வார்த்தை, அவர் பேனாவில் மடமடவென்று வந்தது.

உன்னை இறக்கித் தட்டில் வைத்தார்கள். "கட்டெல்லாம் அவுத்துடுங்க பெரியவரே, அப்பால ஏத்தலாம்" என்றார் மேடைக்காரர். விரல் கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் நெருப்புக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் போகிற உயிர் நடக்க முடியாது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. குனிந்தேன்.

அவிழவில்லை.

உன் விரலை நான் கட்டியபோது மனசு எங்கேயோ இருந்தது. கை அதன்பாட்டுக்கு அது அறுபது வருஷமாகப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டது. தறியில் அறுந்த இழையை இன்னொரு இழையோடு சேர்க்கிற முடிச்சு. கடுகை விடச் சின்னது, இழுக்க இழுக்க இறுகும். அவிழக் கூடாது என்பதற்காகவே போடுகிற முடிச்சு அது. என் கண்ணுக்கு வேறு இப்போதெல்லாம் கடுகும் தெரிவதில்லை, முடிச்சும் தெரிவதில்லை.

ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டாள். "செத்தவங்களுக்குப் போடற முடிச்சாய்யா இது? பாவுக்குப் போடற முடிச்சு!"

"பிளேடு தரட்டுமா?" என்றார் மேடைக்காரர்.

"வேணாம்பா. சுலோவ அவுத்துத்தான் அனுப்பினோம். இவன மட்டும் அறுத்தா அனுப்புறது?" என்றேன்.

நான் நகத்தால் கிளறினேன். வியர்வை உன் காலில் விழுந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் அடுத்த உடம்பு ஒன்று வண்டியில் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் நிமிர்ந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பைக். அதன் பக்கத்தில் எபினேசர். பின்னாலேயே வந்திருக்கிறான். உள்ளே வராமல் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறான்.

எனக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மாப்ள. நான் படித்தது ஐந்தாம் கிளாஸ். பாலத்துக்குக் கீழே சைக்கிள் பக்கத்தில் நின்ற உன்னைத்தான் பார்த்தேன். அதே மாதிரி தோள். அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

"எபினேசரு!" என்று கத்தினேன். "அங்க ஏன்டா நிக்கிற? கிட்ட வா."

அவன் அசையவில்லை.

"மருமகனே, உன்னத்தான். கிட்ட வாடா. நீயும் தறிக்காரன்தானே. உன் சித்தப்பன் கால்ல பாவு முடிச்சு போட்டுட்டேன்டா. எனக்கு அவுக்கத் தெரியல."

அவன் வந்தான். மண்டியிட்டான். முடிச்சை ஒரு பார்வை பார்த்தான். இந்த நேரத்திலும் தொழில்காரன் உதடு ஒரு ஓரமாகக் கோணியது. "இவ்ளோ கெட்டியா போடுவாங்களா, பெரியப்பா?" என்று முணுமுணுத்தான். என்னைப் பெரியப்பா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முறைப்படி மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். பரவாயில்லை, போகப் போகத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எச்சிலைத் தொட்டு நூலை நனைத்தான். ஒரு முனையை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மெல்லத் தள்ளினான். கால் கட்டு வந்தது. கைக் கட்டும் வந்தது. நூலைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் இதுக்கு ஒத்துக்கல" என்றான் எழுந்து.

"ஒத்துக்க வேணாம். அவுத்தா போதும். கூட நின்னா அதுவே ஜாஸ்தி."

நின்றான். வாய்க்குள் ஜெபம் சொன்னான், கண்ணைத் திறந்துகொண்டே, உன்னைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம், உன் கட்டிலுக்கு அடியிலிருந்து கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னைப் பையிலிருந்து எடுத்தேன். நீ என்ன ஆளடா! மூடியைச் சுற்றிச் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, பார்சலுக்கு வைக்கிற மாதிரி சீல் வைத்திருந்தாய். உடைத்துத் திறந்தேன். சுலோ. ஒரு கைப்பிடி சாம்பல். மேடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தாத்தா, இது ஏற்கெனவே எரிஞ்சது. மறுபடியும் எதுக்கு எரிக்கறீங்க?"

"போன தடவ அவளுக்குத் தொணைக்கு வர வேண்டிய ஆளு வரலப்பா. வராம பண்ணது நானு."

அவர் வேட்டியை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் விலக்கிக் கொடுத்தார். அங்கே வைத்தேன். சூடத்தை எபினேசர் பக்கம் நீட்டினேன். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். ஆனால் காற்றில் அணையாமல் இருக்கக் கையைக் குவித்து மறைத்துக்கொடுத்தான். நான் ஏற்றினேன். தட்டு உள்ளே போனது. கதவு இறங்கியது. கடைசி வரைக்கும் நான் கதவுக்கு ஒரு முழத்தில் நின்றேன். "சூடு அடிக்கும் பெரியவரே, தள்ளி நில்லுங்க" என்றார் மேடைக்காரர். "அது மட்டும் முடியாதுப்பா" என்றேன்.

மறுநாள் கலயத்தில் கொடுத்தார்கள். ஆற்றுக்குக் கொண்டுபோனோம். அதே பாலம், அதே இடம். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஒரு ஓரமாகக் கால் நனைகிற அளவுக்குத்தான் ஓடியது. போதும். கரைத்துவிட்டேன். அதில் எது நீ, எது சுலோ என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்போது வந்து பிரிக்கச் சொல்லு பார்க்கலாம், எவன் வந்து பிரிக்கிறான் என்று நானும் பார்க்கிறேன்!

சர்ச்சில் நாலு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. எங்கள் தெருவில் ஆறு பேர். கூட்டினால் பத்து பேருடைய பேச்சு மிச்சம். காது நிம்மதியாக இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் உனக்கு வெட்டிய குழியை எபினேசர் இன்னும் மூடவில்லையாம். கேட்டால், "இருக்கட்டும்" என்கிறானாம். இருக்கட்டும். வருத்தப்பட அவனுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

காலையில் ராஜாமணி இன்னும் மூன்று டம்ளர்தான் எடுத்து வைக்கிறாள். மூன்றாவதில் ஊற்றுவதில்லை. எடுத்து மட்டும் வைக்கிறாள். நானும் கேலி பண்ணுவதில்லை. பார்த்தாயா, என்னையே வாயை மூட வைத்துவிட்டாய்.

சரி, என் வாக்குக்கு வருகிறேன். நாளைக்கு இந்த நோட்டீஸைத் தபாலில் போட மாட்டேன். உன் மணியை அடித்துக்கொண்டு, வீடு வீடாக, முன்வாசலில் நின்று நானே கொடுப்பேன். முதல் வீடு வரதப்பன் வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதில் இருக்கிறது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டும். கடைசி வீடு உங்கள் சர்ச்.

இன்னொன்று. நேற்று நானும் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போட்டிருக்கிறேன், முள்ளிப்பட்டு எபினேசருக்கு. "மருமகனே, எனக்கு விரல் கட்டும்போது எவனாவது பாவு முடிச்சுதான் போடுவான், இந்த ஊரில் எல்லாரும் தறிக்காரன். அவிழ்க்க நீதான் வர வேண்டும். கேட்டுக்கு வெளியே நிற்காதே" என்று எழுதினேன். அந்தத் தபால்காரப் பெண் படித்துவிட்டுச் சிரித்தாளாம். பதில் வந்ததும் உனக்குச் சொல்கிறேன். வராமல் போனாலும் மறுபடி எழுதுவேன். வருகிறவரைக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
இனி எவன் சொன்னாலும் கிட்டவே நிற்கும்,
சுலோச்சனாவின் அண்ணன்,
உன் மச்சான் கோபால்